விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர் பயிற்சி: கடன் கேட்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது

(நாமகிரிப்பேட்டையில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



கூட்டப் பொருளில் நாலாவதாக "விமான ஆசிரியர் பயிற்சி" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்குது. சிரிங்க, தப்பில்லை. மாட்டுக் கடன், மஞ்சள் கடன், தையல் மெஷின் கடன் என்று பேசுகிற இடத்தில் விமானம் எங்கிருந்து வந்தது என்று தோணத்தான் செய்யும். ஆனால் இது நாங்களாகக் கொண்டுவந்த பொருள் இல்லை. நம் குழுக்களில் ஒன்றின் தீர்மான நோட்டிலேயே வந்துவிட்டது.

ஒரு உறுப்பினரின் மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். நல்ல மார்க். ஒருவர் வீடு தேடி வந்து, "ஆறே மாசத்துல பொண்ணு விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டர் ஆயிடலாம், அப்புறம் மாசம் லட்ச ரூபா சம்பளம்" என்று சொல்லி, வழவழப்பான புத்தகம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா குழுவில் வந்து, அடுத்த வங்கிக் கடன் வரும்போது பெரும்பகுதியைத் தனக்கே தரச் சொல்லிக் கேட்டார். மீதிக்கு ரெண்டு ஏக்கர் மஞ்சக்காட்டை அடமானம் வைக்க யோசனை. குழு அவசரப்படவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. விவரம் தெரிந்த பிறகு முடிவு என்று தீர்மானம் எழுதி எங்களுக்கு அனுப்பியது. குழு நடத்துவது என்றால் இப்படித்தான் நடத்தணும்.

விசாரித்ததில் முதலில் தெரிந்தது, இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறது என்பது. நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993ல் திறந்தது நம்மில் பலருக்குத் தெரியும். 2022ல் இந்திய விமான நிலைய ஆணையம் பவநகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர், சேலம் என்று ஐந்து விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளி நடத்த இடம் ஒதுக்கியது. ரெண்டு பேரோ நாலு பேரோ உட்காருகிற சின்ன விமானங்களில் பிள்ளைகள் ஓட்டக் கற்கிறார்கள். பள்ளி என்று இருந்தால் ஆசிரியர் வேண்டுமே. அந்த ஆசிரியரைத்தான் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் என்கிறார்கள்.

பொம்பளைப் புள்ளைக்கு இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949ல் உஷா சுந்தரம் என்கிற பெண் பயிற்சி முடித்தார். 1951ல் அவரும் அவர் கணவரும் ஒரு சின்ன விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஏறக்குறைய 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க எடுத்தால் விமானிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் பெண்கள். நம் நாட்டில் பதினைந்து பேர் அளவில் இருக்கிறார்கள். இந்த ஒரு கணக்கில் வெளிநாட்டுக்காரர்களை விட நாம் முன்னால் இருக்கிறோம்.

இன்னொருவர் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் இருந்த ஈவ்லின் ஜான்சன். அவரும் கணவரும் சலவைக்கடை நடத்தியவர்கள். 1944ல் பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். பிறகு ஆசிரியர் ஆனார். சின்ன ஊர், சின்ன விமான நிலையம், அங்கேயே இருந்து ஆயிரக்கணக்கான பேருக்குக் கற்றுக்கொடுத்தார். 57,635 மணி நேரம் ஆகாயத்தில் இருந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தாய்ப்பறவை. 2012ல் தன் 102வது வயதில் காலமானார். பட்டணத்துப் பணக்காரர் மட்டும் செய்கிற வேலை இல்லை என்பதற்காகத்தான் இவரைச் சொல்கிறோம்.

சரி, வீட்டுக்கு வந்தவர் சொன்ன ஆறு மாதத்துக்கு வருவோம். பன்னிரண்டாவது முடித்த பெண் ஆறு மாதத்தில் விமான ஆசிரியர் ஆகவே முடியாது. பி.எட். படிக்கணும் என்றால் முதலில் டிகிரி வேணும் இல்லையா, அது மாதிரிதான் இதுவும். முதலில் அவள் விமானி ஆகி, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், சுருக்கமாக சி.பி.எல். என்கிற உரிமத்தை வாங்கணும். அதற்கு மேல்தான் ஆசிரியர் பயிற்சி. அதிலும் முதலில் உதவி ஆசிரியர். அனுபவம் சேர்ந்து, மறுபடி பரீட்சை கொடுத்து, அப்புறம்தான் முழு ஆசிரியர். ஆசிரியர் பயிற்சி சில மாதத்தில் முடிவது வாஸ்தவம். வந்தவர் அந்தக் கடைசிப் படியை மட்டும் காட்டிவிட்டு, அதற்குக் கீழே இருக்கிற படிகளை மறைத்துவிட்டார்.

அந்தக் கீழ்ப்படிகள் என்ன என்று பார்ப்போம். பன்னிரண்டாவதில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்கணும் என்பது நெடுங்கால விதி. கலைப்பிரிவு பிள்ளைகளையும் அனுமதிக்கலாமா என்ற பேச்சு 2025ல் எழுந்தது. ஆகவே சேருகிற வருடம் என்ன விதி என்பதை டெல்லியில் இருக்கிற டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரக அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளணும், புரோக்கர் வாயால் கேட்கக் கூடாது. உரிமம் வாங்க வயது 18 ஆகியிருக்கணும். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கணும். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். ஆனால் பச்சை, சிவப்பு பிரித்துத் தெரியாத கண் என்றால் பெரிய சிக்கல். இதை லட்சக்கணக்கில் கட்டின பிறகு கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? சில ஆயிரத்தில் முடிகிற இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யணும்.

பிறகு எழுத்துப் பரீட்சைகள். வழி கண்டுபிடிப்பது, வானிலை, விமானச் சட்டம், இயந்திர விவரம் என்று பாடங்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம் உண்டு. எல்லாம் இங்கிலீஷ்தான். தமிழ் மீடியம் பிள்ளைகள் இதற்காகப் பின்வாங்க வேண்டாம், ஆனால் ஒரு வருடம் முன்னாலிருந்தே பேசிப் பழகணும். இந்தப் பரீட்சைகளை விமானத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே எழுதி முடிக்கலாம். செலவும் குறைவு. எங்கள் அபிப்பிராயம், இதை முடிக்காமல் பறக்கிற ஃபீஸில் ஒரு ரூபாய் கூடக் கட்டக் கூடாது.

அப்புறம் பறக்கிற பயிற்சி. மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் தானே விமானத்துக்குப் பொறுப்பாக ஓட்டியிருக்கணும். கேட்க 200 மணி எட்டு நாள் கணக்கு மாதிரி தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மணி, ஒன்றரை மணிதான் கிடைக்கும். மழை, காற்று, மேகம் என்றால் இல்லை. விமானம் சர்வீஸுக்குப் போனால் இல்லை. ஆசிரியர் லீவு என்றால் இல்லை. ஒன்றரை வருடம், ரெண்டு வருடம் ஆகிறது. நம் நாட்டில் இதற்குச் செலவு 40 லட்சத்துக்குக் குறைவது அபூர்வம், அரைக் கோடியைத் தாண்டுவதும் உண்டு. தாமதமாகிற ஒவ்வொரு மாதமும் ஹாஸ்டலும் சாப்பாடும் தனி.

இத்தனையும் முடித்த ஒரு பெண் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தால் அங்கே என்ன நடக்கும்? இதைத்தான் அந்த அம்மா எங்களிடம் ஆசையாகக் கேட்டார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதல் நாளே இடம் மாறும். சின்ன விமானத்தில் ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருவார். ஆசிரியர் வலப்பக்கம். இத்தனை நாள் இடப்பக்கத்திலிருந்து பார்த்துப் பழகின கண்ணுக்கு, வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஓடுபாதையே கோணலாகத் தெரியும். கை மாறும், பழக்கம் மாறும். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கூட முதல் வாரம் தடுமாறுவார். வலது கையில் அரிவாள் பிடித்தவரை இடது கையால் கதிர் அறுக்கச் சொன்ன மாதிரி.

ரெண்டாவது, பேசிக்கொண்டே ஓட்டணும். "இப்போ மூக்கைத் தூக்குறேன், வேகம் குறையுது பாருங்க, அந்த முள்ளைக் கவனிங்க" என்று கை செய்கிற அதே நேரத்தில் வாய் சொல்லணும். சொல் முந்தியும் வரக் கூடாது, பிந்தியும் வரக் கூடாது. நாமே யோசித்துப் பார்ப்போம். மஞ்சளைக் கொப்பரையில் வேக வைக்கிறபோது எப்போ இறக்கணும் என்று நமக்குத் தெரியும். குச்சியால் குத்திப் பார்ப்போம், வாசனை பிடிப்போம். புதுசாக வந்த மருமகளுக்கு அதைச் சொல்லுன்னா, "பாத்தாத் தெரியும் புள்ள" என்றுதான் வாயில் வரும். தெரிந்த வேலையைச் சொல்லாக ஆக்குவது வேறு வேலை. ஆசிரியர் பயிற்சியில் பாதி அதுதான்.

மூன்றாவது, போர்டு வகுப்பு. பறப்பதற்கு முன்னால் சாக்பீஸோடு நின்று, இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம், ஏன், எதில் ஆபத்து என்று சொல்லித்தரணும். இறங்கின பிறகு உட்கார்ந்து எது சரி, எது தப்பு என்று பேசணும். பயிற்சிக்கு வந்தவரே மாறி மாறி ஆசிரியராக நின்று வகுப்பு எடுப்பார். எதிரில் உட்கார்ந்திருக்கிற மூத்த ஆசிரியர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிக் கேள்வி கேட்பார். மேலே போன பிறகும் அதே நாடகம். வேண்டுமென்றே தப்பாகத் திருப்புவார், தாமதமாக இறக்குவார். அதை எப்போது கண்டுபிடிக்கிறாள், எப்படித் திருத்துகிறாள் என்று பார்ப்பார். கடைசித் தேர்வும் இப்படித்தான் இருக்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது நாலாவது. எப்போது கையை வைக்க வேண்டும், எப்போது வைக்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்கிறார்கள். பயிற்சி விமானத்தில் ரெண்டு பக்கமும் ஓட்டுகிற பிடி இருக்கும். பிள்ளை தப்பு செய்தவுடனே ஆசிரியர் பிடுங்கிக்கொண்டால் அது ஒருநாளும் கற்றுக்கொள்ளாது. பிடுங்காமல் விட்டால் ரெண்டு பேர் உயிரும் போகும். எவ்வளவு தப்பை அனுமதிக்கலாம், எந்த இடத்துக்கு மேல் கூடாது என்கிற அளவு ஆசிரியருக்குத் தெரிந்திருக்கணும். வாங்கும்போது "ஐ ஹேவ் கண்ட்ரோல்", அதாவது பிடி இப்போ என்கிட்ட என்று வாய்விட்டுச் சொல்லியே வாங்கணும். கொடுக்கும்போது "யூ ஹேவ் கண்ட்ரோல்". யார் கையில் பிடி இருக்கிறது என்பதில் ஒரு நொடி கூடச் சந்தேகம் வரக் கூடாது. நம் குழுக்களில் நோட்டு எழுதுகிற ஊக்குநர்கள் புது ஆளுக்குப் பழக்கிவிடாமல் பத்து வருசமாகத் தாங்களே எழுதிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்கும் இந்தப் பாடத்தை நடத்தினால் தேவலை என்று எங்களுக்குத் தோன்றியது. (சிரிப்பு)

பயமுறுத்துகிற பாடமும் உண்டு. ஸ்டால் என்பார்கள். இன்ஜின் நின்றுபோவது இல்லை அது. வேகம் குறைந்து மூக்கு அதிகமாகத் தூக்கிக்கொண்டால் இறக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும், விமானம் தொபுக்கென்று சரியும். ஆசிரியர் அதை நல்ல உயரத்தில் வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டி, மீட்டும் காட்டணும். இன்ஜின் நின்றால் எந்த வயலில் இறக்குவது என்று தேர்ந்தெடுக்கவும் பழக்கணும். இது சும்மா ஏட்டுப் பாடம் இல்லை. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பின ஒரு பயிற்சி விமானம் புதுக்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையிலேயே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த ரெண்டு பேரும் உயிர் தப்பினார்கள். டி.வி.யில் பார்த்திருப்பீங்க. ஆபத்தே இல்லாத வேலை என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

உதவி ஆசிரியர் ஆன பிறகும் மேலே ஒரு மூத்த ஆசிரியர் மேற்பார்வையில்தான் வேலை. ஒரு மாணவரை முதல் தடவையாகத் தனியாகப் பறக்க அனுப்புகிற கையெழுத்தை உதவி ஆசிரியர் போட முடியாது. அந்தப் பொறுப்பு முழு ஆசிரியருக்குத்தான்.

பின்னே எதற்கு இந்த வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. உரிமம் வாங்கின எல்லாரையும் விமானக் கம்பெனி உடனே எடுத்துக்கொள்வதில்லை. ஏர்பஸ், போயிங் மாதிரிப் பெரிய விமானம் ஓட்ட இன்னும் பதினைந்து, இருபது லட்சத்தில் தனிப் பயிற்சி வேறு. பெரிய விமானத்தில் கேப்டன் ஆவதற்கான உரிமம் வாங்க 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். மற்றவர்கள் காசு கொடுத்துப் பறக்கிற மணியை, ஆசிரியர் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்க்கிறார். அதனால் நிறைய பேர் இதை ஒரு இடைப்பாலமாக வைத்துக்கொள்கிறார்கள். கற்றுக்கொடுப்பதிலேயே மனம் ஒட்டி நிற்பவர்களும் உண்டு. ஆனால் பல இடங்களில் பறக்கிற மணியை வைத்துத்தான் சம்பளம் கூடுகிறது, குறைகிறது. அடைமழை மாதத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்காமல் "மாசம் லட்சம்" என்பதை நம்பக் கூடாது. உடல் தகுதிச் சான்றும் விட்டுப்போகாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கணும். கல்யாணம், பிரசவம் என்று வரும்போது பறப்பது கொஞ்ச காலம் நிற்கும். அப்போதைக்குத் தரை வகுப்பு எடுக்க வழி இருக்கா என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்கலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி கடன் கணக்கு. 40 லட்சம் கடன், வருடத்துக்கு நூற்றுக்கு 11 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டுமே வருடத்துக்கு 4 லட்சத்து 40 ஆயிரம். மாதத்துக்கு 36 ஆயிரத்துச் சொச்சம். அசல் அப்படியே நிற்கும். படிப்பு முடிந்து வேலை கிடைக்க ஒரு வருடம் தாமதமானால் அதுவும் ஏறும். மஞ்சள் விற்றுக் கட்டிவிடலாம் என்று அந்த அம்மா சொன்னார். 2010ல் குவிண்டால் பதினேழாயிரம் வரை போன மஞ்சள், 2012ல் நாலாயிரத்தை ஒட்டி வந்து விழுந்தது. மண்டியில் மூட்டையைப் போட்டுவிட்டு விலையைக் கேட்டு அழுதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க. விலை எந்த வருசம் எப்படி இருக்கும் என்று தெரியாத பயிரை வைத்து மாதத் தவணைக்கு வாக்குக் கொடுக்க முடியுமா?

குழுக் கடன் பற்றியும் சொல்லணும். பத்து லட்சம் வரை ஜாமீன் இல்லாமல் வங்கி நமக்குத் தருவது பதினைந்து, இருபது பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதால்தான். அதில் பெரும்பகுதியை ஒரு வீட்டுக்கு, ரெண்டு வருடம் கழித்து வரப்போகிற சம்பளத்தை நம்பிக் கொடுத்தால், தவணை தவறும்போது மற்ற வீடுகளின் ஆட்டுக்கும் கடைக்கும் கடன் நின்றுபோகும். இதற்குக் குழுக் கடன் கூடாது என்பதே எங்கள் முடிவான கருத்து. கல்விக் கடன்தான் வழி. வித்யாலட்சுமி இணையதளத்தில் மனுப் போடலாம். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும் என்பதையும் மனதில் வையுங்க. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகள் மாவட்ட நல அலுவலகத்தில் அந்த வருடத்து உதவித் திட்டங்களைக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு வங்கிக்குப் போகலாம். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதையும் எழுதிப் பார்க்கலாம்.

குழு உதவ முடிகிற இடம் எது என்றால், ஆரம்பச் செலவு. மருத்துவச் சோதனை, பரீட்சைக் கட்டணம், புத்தகம், இங்கிலீஷ் வகுப்பு. இதற்கு நம் உள்கடனே தாராளம். பெண் அதில் தேறி வரட்டும். தேறாவிட்டால் போவது சில ஆயிரம், மஞ்சக்காடு பத்திரமாக இருக்கும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நேரில் போய்க் கேளுங்க. பறக்கிற நிலையில் எத்தனை விமானம் இருக்கு? எத்தனை ஆசிரியர்? போன வருடம் ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை மணி கிடைத்தது? பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? 2025 அக்டோபரிலிருந்து டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறது, அதையும் பாருங்க. மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கேட்கிற இடம் என்றால் யோசிக்கணும். பதில் எதுவானாலும் எழுத்தில் வாங்குங்க.

எங்களிடம் பலர் ட்ரோன் பற்றியும் கேட்டீங்க. அது இதோடு ஒப்பிடுகிற மாதிரி இல்லை, ஆனால் வாசல் பக்கத்தில் இருக்கிறது. பத்தாவது முடித்து 18 வயது ஆனால் போதும், அங்கீகாரம் உள்ள பள்ளியில் சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கலாம். மத்திய அரசு 2023 நவம்பரில் நமோ ட்ரோன் தீதி என்று 15,000 மகளிர் குழுக்களுக்கான திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோனும் 15 நாள் பயிற்சியும் அதில் உண்டு. இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

இப்போது அந்தக் குழுவுக்கு எங்கள் பதில். கடன் மனுவை நிராகரிக்க வேண்டாம், நிறுத்தி வையுங்க. அந்தப் பெண்ணை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாங்க. இதுவரை அம்மா பேசினார், வீட்டுக்கு வந்தவர் பேசினார், நாங்கள் பேசினோம். அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் ஆகணும் என்கிறாளே, சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா? நம் மாலை நேர வகுப்பில் ஐந்தாவது பிள்ளைகளுக்கு ஒரு மாதம் கணக்கு நடத்தட்டும். பொறுமை இருக்கா என்று அவளுக்கே தெரிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றின் நகல், ஆதார், அந்த வழவழப்புப் புத்தகம் மூன்றையும் கொண்டு வரச் சொல்லுங்க. உடல் தகுதிச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற டாக்டர்களின் பட்டியலை டி.ஜி.சி.ஏ. இணையதளத்திலிருந்து எடுத்து வைக்கிறோம். வேறு யார் வீட்டிலாவது ஆசை இருந்தால் அவர்களும் அன்றைக்கே வரலாம்.

தலைவி மணியைப் பார்க்கிறாங்க. அடுத்த பொருள் தணிக்கை அறிக்கை, பொருளாளர் அக்கா வாங்க.